முழு ஸ்டேஷன் மாஸ்டர்

மரியாதைக்கும் அதற்கு மேலான பயத்துக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு, தம்பி வணக்கம் வைத்து எழுதிக்கொள்வது.

அங்கே நீங்களும் அண்ணியும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தான் செய்வீர்கள். செய்ய வேண்டியதையெல்லாம் இங்கே செய்து வைத்துவிட்டு, மகள் வீட்டு பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. எங்கள் சௌக்கியத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்: மூச்சு வருகிறது. உங்கள் தம்பி மனைவிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதில் மிச்சமான தெம்பு முழங்காலுக்குப் போயிருக்கலாம். மகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், என்னைப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், உள்ளே போய்விடுகிறாள்.

அண்ணே, சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன அட்டைகளால் என் மகள் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது.

எந்த அட்டை என்று கேட்பீர்கள். போனில் பேசும்போதெல்லாம் கடையையே மறந்துவிட்டவர் மாதிரித்தான் பேசுகிறீர்கள், அதனால் புது ஆளுக்குச் சொல்வது போல முதலிலிருந்து சொல்கிறேன். மற்ற தையல் கடைகளில் அளவு அட்டைக்கு நம்பர் போடுவார்கள். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று. நம்பருக்கு ரோஷம் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது, கல்யாண வயதில் பிள்ளை கிடையாது. நீங்கள் மட்டும், விசேஷமான ஓர் உடம்பு கடைக்குள் வந்தால் அதற்கென்று ஓர் அட்டை வெட்டி, அந்த உடம்புக்காரர் என்ன வேலை பார்க்கிறாரோ அதையே பட்டையான பேனாவால் அதில் எழுதி மாட்டிவிடுவீர்கள். உடம்புக்காரர் ஊரை விட்டே போய்விடுவார். பெயர் சுவரில் தொங்கும். வயலின் வாத்தியார் என்றால் இன்றைக்கும் நம் கடையில் ஒல்லி என்று அர்த்தம். தோள்பட்டையில் சட்டை மாட்டினால் ஹாங்கரில் மாட்டியதா ஆளில் மாட்டியதா என்று தெரியாத ஒல்லி. பல் டாக்டர் என்றால் வலது தோள் இறக்கம், அவர் நாள் பூராவும் ஒரு பக்கமாகக் குனிந்து அடுத்தவர் வாயைப் பார்த்து வாங்கிக்கொண்டது. ஃபோட்டோகிராஃபர் என்றால் முழங்காலில் இரட்டைத் துணி. அப்புறம் மச்சினன். என் மனைவியின் தம்பியைத்தான் சொல்கிறேன். அளவு நாடாவைக் கண்டதும் மூச்சை இழுத்து வயிற்றை முதுகோடு ஒட்ட வைத்துக்கொள்வார், தைத்து முடித்ததும் மூச்சை விட்டுவிட்டு 'டைட்டா இருக்கே' என்பார். அவருக்காக இடுப்பில் யாருக்கும் தெரியாமல் உள்ளே மடித்துவிட்ட துணிக்கு நீங்கள் வைத்த பெயர்தான் மச்சினன். இப்போது எந்த ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நம் கட்டிங் மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "முதலாளி, இவருக்கு ஒரு மச்சினன் விட்டுடலாமா?" என்கிறார். கட்டிங் மாஸ்டருக்கும் நீங்கள்தான் டேப்பு என்று பெயர் வைத்தீர்கள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவர் சொந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை என்பதற்காக. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டேப்பு மகன், டேப்பு மகள் என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கென்ன, பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இத்தனைக்கும் நடுவில், வாசலுக்கு நேரே, இருப்பதிலேயே பெரிய ஆணியில் தொங்குவது ஸ்டேஷன் மாஸ்டர். முன்பாகம் கீழே இரண்டு விரல் கூடுதல் நீளம், நடுவில் படகைக் குப்புறக் கவிழ்த்த மாதிரி ஒரு வளைவு. ரயில் போய் முடிந்த பிறகும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வயிற்றை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு பிளாட்பாரத்தில் நிற்பாராமே, அந்த மனிதருக்காக வெட்டியது. சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்காட்டினால் போதும், வாழ்நாள் பூராவும் உங்களிடமே தைப்பேன் என்று அவர் சொன்னதாகவும், நீங்கள் அட்டையைப் புதிதாக வெட்டிப் போட்டுக்காட்டியதாகவும், கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்ததாகவும் கேள்வி. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் நான் பின்கட்டில் இஸ்திரி மேஜையோடு இருந்தேன். வாடிக்கையாளர்களை நீங்கள் ஆளாகப் பார்த்தீர்கள், நான் துணியாகப் பார்த்தேன்.

அந்த அட்டை நம் கடையோடு நின்றிருந்தால் நான் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன். தெரு பூராவும் பரவிவிட்டது அண்ணே. கால் ஸ்டேஷன் மாஸ்டர், அரை, முக்கால், முழு என்று தொப்பைக்குப் படி வைத்துப் பேசுகிறார்கள். எதிர் கிளினிக் டாக்டர் நோயாளியைப் படுக்க வைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்ல, அரை ஸ்டேஷன் மாஸ்டர்தான், நடந்தா போயிடும்" என்கிறார். மாடியில் புதிதாக வந்த ஜிம்காரன், ஸ்டேஷன் மாஸ்டரைக் கரைத்துத் தருகிறேன் என்று படிக்கட்டில் எழுதி ஒட்டியிருக்கிறான். வேறு ஊரிலிருந்து வந்தவன் அவன், எழுதின வார்த்தைக்குள் ஒரு மனுஷன் இருக்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும். டேப்புக்கே தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் என்பது வெளிநாட்டு கட்டிங் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார்.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியிலேயே மாப்பிள்ளையும் வேலை பார்க்கிறார், இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிவிட்டு நம்மிடம் சொன்னார்கள், நாமும் கௌரவமாக யோசிப்பது மாதிரி இரண்டு நாள் நடித்துவிட்டு சரி என்றோம், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்று கேட்டதற்கு, ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்றார்கள். ரயில்வே என்றால் எத்தனையோ வேலை. ஆளைப் பார்த்தால் ஊசிக்காதில் நுழைந்து வந்துவிடுவார் போல ஒரு தேகம். கணக்குப் பிரிவில் இருந்திருப்பார், தலை நிமிர நேரமில்லாமல் இளைத்துப் போயிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அதிகம் பேசாத மனிதர். சிரிப்பதும் கிடையாது. அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு வாயில் நமைச்சல் எடுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பேசாத பேச்சையும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

அந்த வாய்தான், "கல்யாணத்துக்கு உங்க கோட்டை நானே தைக்கிறேன் சம்பந்தி, கடைக்கு வாங்க" என்று கூப்பிட்டது. வந்தார். வந்த நேரம், கண்ணாடிக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல்காரர் நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவருக்கும் ஒரு கோட்டு. வண்டி ஓட்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் வயிறு பிடித்துக்கொள்ளும், அப்படி ஒரு மனிதர், நல்ல மனிதர். டேப்பு அவரைச் சுற்றி நாடாவைப் போட்டு, மறுமுனையை எட்டிப் பிடித்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"எனக்கு எது போடப் போறீங்க?"

"உங்களுக்கு என்ன சார் சந்தேகம். முழு ஸ்டேஷன் மாஸ்டர்."

"போன தடவை முக்கால்னீங்க."

"அது போன தடவை சார்."

சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்தார். "யாருங்க அது ஸ்டேஷன் மாஸ்டர்?" என்றார்.

"ஆளு யாரும் இல்லீங்க ஐயா, அது ஒரு கட்டிங். வெளிநாட்டுலேருந்து வந்தது. அந்தா தொங்குது பாருங்க" என்று டேப்பு நாடாவாலேயே சுட்டிக் காட்டினார்.

சம்பந்தி கிட்டே போய் அட்டையைப் பார்த்தார். அந்த வளைவைப் பார்த்தார். உங்கள் பட்டைப் பேனா எழுத்தைப் பார்த்தார். "இல்ல, நான் இதே ஊர்ல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன். அதான் கேட்டேன்" என்றார்.

அண்ணே, மூன்று மெஷினும் ஒன்றாக நின்றன. மாப்பிள்ளையின் அப்பாவைத்தான் இத்தனை வருஷமாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வயிறு எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. இருதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் பயமுறுத்தி, பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வருஷக்கணக்காக நடந்து கரைத்தாராம், பிறகு விசாரித்ததில் தெரிந்தது. வயிறு இருந்த தடயமே இல்லை. நம் கடையில் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, ஆமாம் சம்பந்தி, அண்ணன் விளையாட்டாக வைத்த பெயர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"உங்க ஞாபகார்த்தமா வச்சது சம்பந்தி."

"என் ஞாபகார்த்தமாவா?"

"அண்ணனுக்கு உங்க மேல அவ்வளவு மரியாதை. நெஞ்சை நிமித்திக் கம்பீரமா நிக்கிறவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்குன்னே ஒரு கட்டிங். உங்களைப் பாத்துத்தான் போட்டாரு. அதனால உங்க பேரு."

சம்பந்தி திரும்பி டிரைவிங் ஸ்கூல்காரரை மேலிருந்து கீழே பார்த்தார். நடுவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரருக்கோ தான் கம்பீரமானவர் என்பது அன்றைக்குத்தான் தெரிய வந்தது போல. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிர்வு நிமிர்ந்தார். பிளாட்பாரத்தில் நின்ற மாதிரியே இருந்தது.

"அப்படின்னா எனக்கும் அதையே போட்டுடுங்க சம்பந்தி. என் பேர்ல ஒரு கட்டிங் இருக்கும்போது, என் பையன் கல்யாணத்துக்கு நான் வேற எதையோ போட்டுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊசி மாதிரி இருக்கிறவருக்கு முழு ஸ்டேஷன் மாஸ்டரில் கோட்டுத் தைத்தால், முன்பக்கம் குடை விரித்தது மாதிரி நிற்கும். கல்யாண மேடையில் அவர் திரும்பினால் கோட்டு திரும்பாது. வேறு அட்டையில் தைத்தாலோ, என் கட்டிங் எங்கே என்று கேட்பார், சுவரில் தொங்குவதை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வார். உண்மையைச் சொன்னாலோ, முதல் நாளே அவர் முகத்துக்கு நேரே பொய் சொன்னவன் ஆகிவிடுவேன். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி, "உங்களுக்கு வாயைத் தைக்கிறதுக்கு உங்க அண்ணன் ஒரு அட்டை வெட்டியிருக்கலாம்" என்று சொன்னாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மகள் மட்டும் பொறுமையாகச் சொன்னாள்.

"அப்பா, இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்க. சிரிச்சுட்டு விட்டுடுவாங்க."

"அவர் சிரிக்கிற ஆளாம்மா?"

"நீங்க என்னைக்காவது அவரைப் பேச விட்டிருக்கீங்களா, சிரிக்கிறதுக்கு?"

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்துவிட்டது. நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டல்லவா, வெட்டியதில் தப்பு வந்துவிட்டால் பிரித்துச் சரி பண்ணாமல், அந்தத் தப்பு தெரியாதபடி அதன் மேல் இன்னொன்றைத் தைத்து மறைப்பது. கடையில் அதற்குத் 'தம்பி போடுவது' என்பார்கள். ஒரு தப்புக்குப் பின்னால் பிறக்கிற அடுத்த தப்பு என்பதால் தம்பி என்று வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு நயமாகச் சொல் பண்ணியிருக்கிறார்கள் பாருங்கள். அதே முறையில்தான் செய்தேன். டேப்பு இரண்டு நாள் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த சமயம், வயலின் வாத்தியார் அட்டையில் இருந்த பெயரின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் என்று எழுதினேன். உங்கள் கையெழுத்து மாதிரியே, பட்டைப் பேனாவால். அதைக் கொண்டுபோய்ப் பெரிய ஆணியில் மாட்டினேன். தொப்பை அட்டையின் பெயரை அடித்துவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திருப்பி மூலையில் மாட்டினேன். சம்பந்தி கோட்டை நானே வெட்டினேன். வயலின் வாத்தியார் அளவில் வெட்டிய ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டு. இனி எந்த உடம்பு வந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று அன்றைக்கு ஒரு தூக்கம் தூங்கினேன் பாருங்கள், உங்கள் தம்பி மனைவி பேசாதிருந்தது கூட எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றை மறந்துவிட்டேன். டேப்பிடம் சொல்லவில்லை.

டேப்பு அட்டையை உருவம் பார்த்து எடுக்கிறவர் இல்லை. அவருக்கு ஆணிதான் கணக்கு. பெரிய ஆணியில் தொங்குவது ஸ்டேஷன் மாஸ்டர், கையை நீட்டினால் வர வேண்டும், வந்ததைத் துணியில் வைத்து சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு வெட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்தார், கையை நீட்டினார், டிரைவிங் ஸ்கூல்காரருடைய கோட்டுத் துணியை வெட்டினார். வெட்டி, கொடுத்து, தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு மாட்டியும் விட்டார்கள். வயலின் வாத்தியார் மாட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போயிருக்கலாம், அவ்வளவு கச்சிதம். "துணி என்னமோ ரொம்ப மிச்சமாச்சு முதலாளி" என்று டேப்பு சந்தோஷமாக வேறு சொன்னார். நான் கல்யாண யோசனையில் தலையாட்டினேன்.

நேற்றைக்கு முந்தின நாள் சம்பந்தி ட்ரையலுக்கு வந்தார். ஓட்டுத் தையல் போட்ட கோட்டை மாட்டிவிட்டேன். அண்ணே, நானே தைத்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை, உடம்போடு பிறந்த மாதிரி உட்கார்ந்தது. கண்ணாடியில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "என் பேர்ல இருக்கிற கட்டிங்னா சும்மாவா" என்றார். முதல் தடவையாக வாயோரம் என்னவோ அசைந்தது. என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நிமிஷம் பார்த்து டிரைவிங் ஸ்கூல்காரர் உள்ளே வந்தார். "கோட்டு ரெடியாமே" என்று அவரே எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு கை போயிற்று. இன்னொரு கையை டேப்பும் காஜா எடுக்கிற அம்மாவும் சேர்ந்து உள்ளே அனுப்பினார்கள். இரண்டு முன்பாகமும் ஒன்றை ஒன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. "மூச்சை உள்ள இழுங்க சார்" என்றார் டேப்பு. இழுத்தார். பொத்தானைப் போட்டார்கள். பிறகு அவர் பேசுவதற்காக மூச்சை விட்டார். பொத்தான் பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் பட்டு, சம்பந்தியின் காலடியில் போய்ச் சுழன்று நின்றது.

"என்னங்க இது? முழு ஸ்டேஷன் மாஸ்டர்னு சொல்லித்தானே அளவு எடுத்தீங்க? நான் தெரியாமத்தான் கேக்கறேன், இந்தத் தொப்பைக்கு இது முழு ஸ்டேஷன் மாஸ்டரா? தெருவுல யாரை வேணாலும் கேளுங்க, சின்னப் பிள்ளைய கேளுங்க, ஸ்டேஷன் மாஸ்டர்னா என்னன்னு சொல்லும்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிக்கொண்டு. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். டேப்பு அதற்குள் அட்டையை எடுத்துப் பார்த்து, நான் ஒட்டிய வெள்ளைத் துண்டை நகத்தால் பிய்த்து, "முதலாளி, இது வயலின் வாத்தியாராச்சே" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் தொங்கிய பழைய அட்டையைத் திருப்பினார். "அப்போ இதுக்கு இப்ப என்ன பேரு?" என்று கேட்டார். கேட்டவர் பார்வை என் வயிற்றில் வந்து தங்கியது. "நான் ஒண்ணும் சொல்லல முதலாளி" என்றார். சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குக் காலையில் நான் படியேறும்போது காஜா எடுக்கிற அம்மா புதிதாக வந்த துணியைப் பிரித்துக்கொண்டே, "இதுக்கு முதலாளி போடவா, முக்கால் முதலாளி போதுமா?" என்று டேப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சம்பந்தி கோட்டைக் கழற்றினார். மடித்து மேஜை மேல் வைத்தார். குனிந்து அந்தப் பொத்தானை எடுத்து அதன் மேல் வைத்தார். "சரிங்க, நான் வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றார். கலந்துகொண்டு சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா. நேற்று பூராவும் ஒரு தகவலும் இல்லை. மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, அப்பாவும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார்கள், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றாராம். மகள் அழவில்லை. அழுதிருந்தால் கூட சமாதானம் சொல்லியிருப்பேன். என் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கன்னு அப்பவே சொன்னேன்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே அண்ணே, இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வரவும். வந்து சம்பந்தி வீட்டுக்குப் போய், அந்த அட்டை அவரைப் பார்த்து வெட்டியதே இல்லை, அவருக்கு முன்னால் இருந்த வேறொரு ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து வெட்டியது, அந்த மனிதர் இப்போது உயிரோடும் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லவும். நான் சொன்னால் நம்ப மாட்டார். நீங்கள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லக்கூடியவர். ஒரே ஒரு பொய்தான், அதோடு எல்லாம் மூடிவிடும். வரும்போதே அந்த அட்டைகளை எல்லாம் உங்கள் கையாலேயே இறக்கிக் கொளுத்திவிட்டுப் போங்கள். இனி இந்தக் கடையில் நம்பர்தான். மனுஷனை மனுஷனாக விடாமல் வார்த்தையாக்கி ஊர் வாயில் போடுகிற தொழில் எனக்கு வேண்டாம். தன் பெயர் எந்த லட்சணத்தில் புழங்குகிறது என்றே தெரியாமல் தெருவில் நடந்து போகிறவரின் கதியை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும், நம் கடைத் துணியில் தைத்த ஆளுக்கொரு பையும். உங்கள் மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். பால்கனியில் வெயில் ஏறும் முன் கிளம்பவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தி கடைக்கு வந்துவிட்டார். கூடவே சம்பந்தியம்மாவும். அந்த அம்மா வாசலிலேயே நின்று, பெரிய ஆணியைப் பார்த்துப் பார்த்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சம்பந்தி உட்கார்ந்தார். "என் அட்டை எங்க? மறுபடி எடுத்து மாட்டுங்க" என்றார். அவருக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம் அண்ணே. அட்டை வெட்டிய அன்றைக்கே நீங்கள் அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மாட்டினீர்களாமே. மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் தையல்காரர்களிடம், என் பெயரில் ஓர் அளவே இருக்கிறது என்று பெருமையடித்திருக்கிறார். ரிட்டயர் ஆகி இந்த ஊருக்கே திரும்பி வந்தால், ஜிம் படிக்கட்டில் வரை தன் பெயர் இருப்பதைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லையாம். அன்றைக்கு நான் அளந்த கதையைக் கேட்டதும், இவர் எதுவரைக்கும் போகிறார் பார்க்கலாம் என்றுதான் கோட்டைக் கேட்டாராம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். ஒரே நிபந்தனை, என் பெயரை எடுத்துவிட்டு 'முதலாளி'யைப் போடக்கூடாது என்றார்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை.

"நீங்க என் சட்டையில வயித்துப் பக்கம் இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தீச்சுட்டு, அதை மறைக்கிறதுக்கு அங்கயே ஒரு பாக்கெட் தச்சீங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லாயில்லன்னு இன்னொரு பக்கமும் தச்சீங்க. வயித்துல ரெண்டு பாக்கெட்டோட நான் கொடி காட்டியிருக்கேன் சம்பந்தி. உங்க அண்ணன் சொன்னார், என் தம்பி ஒரு தப்பு பண்ணா ஒத்துக்க மாட்டான், அது மேல இன்னொண்ணு தைப்பான், இனிமே எங்க கடையில அதுக்கு அவன் பேருதான்னு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சட்டையிலதான் பேரு வந்தது" என்றார்.

நான் டேப்பைப் பார்த்தேன். டேப்பு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காஜா எடுக்கிற அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், அதில் ஏற்கெனவே நூல் இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் கோட்டுக்கு என்ன வழி என்று பேச்சை மாற்றிக் கேட்டேன். மிச்சத் துணியில் இரண்டு பக்கமும் பட்டி கொடுத்து ஒரு தம்பி போட்டுவிடலாம் என்று டேப்பு சொல்ல வந்து, 'தம்பி'யின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். எதிர் கிளினிக் டாக்டரும் இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மச்சினனும் சொல்லியிருக்கிறார். என் மகள் கூட.

ஆகவே, மேலே எழுதியபடி நீங்கள் அவசரமாகக் கிளம்பி வர வேண்டாம். யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். அண்ணியோடு கல்யாணத்துக்கு வந்தால் போதும். அட்டைகளும் இருந்த ஆணியிலேயே இருக்கட்டும். கடிதத்தைப் புதிதாக எழுத நேரமில்லை, அதனால் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே நான் எழுதியிருந்த அந்தச் சொல்லின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை மட்டும் ஒட்டியிருக்கிறேன். அது ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றதால், அதன் மேல் இன்னொன்றும் ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து பிய்த்துப் பார்க்க வேண்டாம்.